உதவிப் பங்குத்தந்தையின் கிட்டார்



ஆஸ்திரியா நாட்டில், சால்ஸ்புர்க் நகருக்குத் தெற்கே ஹாலைன் என்றொரு ஊர் இருக்கிறது. பழைய காலத்திலிருந்தே உப்புச் சுரங்கத்துக்குப் பேர் போன ஊர். அங்குள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பழைய கிட்டாரைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அது யோசேப் மோர் என்ற குருவானவருடைய கிட்டார். உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பு இரவில் பாடப்படுகிற 'சைலண்ட் நைட்' பாட்டின் சொற்களை எழுதியவர் அவர்தான். அந்தப் பாட்டு முதன்முதலில் ஒலித்தபோது கூட வாசித்தது கிட்டார் ஒன்றே. ஆர்கனும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை.

மோர் 1792-இல் சால்ஸ்புர்க்கில் பிறந்தார். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப்பெண். தந்தை ஒரு படைவீரர். பிள்ளை பிறக்குமுன்பே படையை விட்டு ஓடிப்போனவர். பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. அந்த ஊரில் இப்படிப் பிறந்த குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்க முன்வந்தவர் யார் தெரியுமா? நகரத்தின் மரணதண்டனை நிறைவேற்றும் ஆள். மற்றவர்கள் ஒதுக்கி வைத்த மனிதர் அவர். பேராலயத்தின் இசைப் பொறுப்பிலிருந்த குருவானவர் ஒருவர்தான் சிறுவனின் குரல்வளத்தைக் கண்டு படிக்க வைத்தார். அன்றைய திருச்சபைச் சட்டப்படி, மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர் குருவாவதற்குத் தனிச் சலுகை பெறவேண்டும். அதைப் பெற்று 1815-இல் குருப்பட்டம் பெற்றார்.

தொடக்கத்தில் அவர் பணியாற்றியது மரியாப்ஃபார் என்ற மலையூரில். அங்கேதான் 1816-இல் அந்தக் கவிதையை எழுதினார். அந்த ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் வானத்தில் பரவியதால், 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை. பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. நெப்போலியன் காலப் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. இப்படிப்பட்ட நேரத்தில், 23 வயதுக் குரு ஒருவர் பசியையும் போரையும் பற்றி எழுதாமல், தூங்கும் ஒரு குழந்தையைப் பற்றி ஆறு பத்திகள் எழுதினார். எழுதி அப்படியே வைத்துவிட்டார்.

1817-இல் ஓபன்டார்ஃப் ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்துக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்தார். சால்சாக் ஆற்றங்கரை ஊர் அது. ஹாலைன் உப்பைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிற படகோட்டிகள்தான் மக்களில் பெரும்பாலோர். 1816-இல் அந்த ஆற்றையே நாட்டு எல்லையாக்கிவிட்டார்கள். எதிர்க்கரையிலிருந்த தாய் ஊரான லாவ்ஃபன் பவேரியாவுக்குப் போய்விட்டது. ஒரே பங்காக இருந்த மக்கள் இரண்டு நாட்டவர் ஆனார்கள். ஆறும் நல்லதல்ல, அடிக்கடி வெள்ளம் வந்து கோயிலைச் சிதைத்து, கடைசியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆலயத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. கூவம் கரை புரண்ட 2015-ஐப் பார்த்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1818 டிசம்பர் 24. மோர் தம் கவிதையை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊர் ஆர்ன்ஸ்டார்ஃபில் பள்ளி ஆசிரியராகவும் ஓபன்டார்ஃப் கோயிலில் ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்த பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் போனார். (பெயரைக் கவனித்தீர்களா? நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே புனித சவேரியாரின் பெயர்.) குரூபர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. இரண்டு தனிக்குரல்களுக்கும் ஒரு பாடகர் குழுவுக்கும் ஏற்ப, கிட்டார் துணையோடு மெட்டமைத்துத் தரும்படி மோர் கேட்டார். குரூபர் அன்று மாலையே மெட்டைக் கொடுத்துவிட்டார். இரவில் மோர் கிட்டாரை வாசித்துக்கொண்டே மேல்குரலில் பாட, குரூபர் கீழ்க்குரலில் பாடினார். திருப்பலி முடிந்து குடிலின் முன்பாகப் பாடியதாக மரபு சொல்கிறது.

ஏன் கிட்டார்? எலி ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டது, அதனால்தான் கிட்டார் என்று ஒரு கதை எல்லாக் கிறிஸ்துமஸ் மலர்களிலும் வரும். சிறுவர் நாடகங்களில் அந்த எலியாக நடிக்கப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும். ஆனால் 1854 டிசம்பர் 30-இல் குரூபர் தம் கைப்பட எழுதி வைத்த விவரத்தில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. கிட்டாருக்காகத்தான் மோர் கேட்டார் என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. வேறு வழியில்லாமல் கிட்டார் வந்தது என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. அதனால் எலியை விடமாட்டோம் என்கிறோம். அவர் விரும்பியே அதைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒப்புக்கொள்வதுதான் கடினமாக இருக்கிறது.

ஏனென்றால் அந்தக் காலத்தில் கிட்டார் சத்திரத்திலும் வீட்டு முற்றத்திலும் வாசிக்கிற கருவி. கோயிலின் கருவி ஆர்கன். மோரின் மேலதிகாரியாக இருந்த பங்குத்தந்தை அவரைப் பற்றி மேலிடத்துக்கு முறையிட்டதும் பதிவாகியிருக்கிறது. கடமையில் ஆர்வம் போதாது, இளைஞர்களைப்போல் நடந்துகொள்கிறார், பக்தியை வளர்க்காத பாட்டுகளைப் பாடுகிறார் என்பது அதன் சாரம். பங்குத்தந்தைக்கும் உதவிப் பங்குத்தந்தைக்கும் இடையே கிட்டார் வந்து நிற்பது, பாருங்கள், இருநூறு ஆண்டுப் பழக்கம்! 1819-இல் மோர் அந்த ஊரிலிருந்து மாற்றப்பட்டார். பிறகும் பல ஊர்களில் பணி செய்து, கடைசியாக வாக்ரைன் என்ற மலையூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுப்பி, 1848 டிசம்பரில் இறந்தார். தம் பாட்டு எவ்வளவு தூரம் போயிற்று என்பதை அவர் முழுதும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பாட்டு போன வழி வேறு. ஆர்கன் பழுதுபார்க்க வந்த கார்ல் மௌராகர் என்பவர் அதைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்து ஊர் ஊராகப் பாடிப் பிழைத்த குடும்பங்கள் அதைக் கொண்டுபோயின. ரைனர் குடும்பம் 1839-இல் நியூயார்க்கில் பாடியது. பெரிய பெரிய பாடகர் குழுக்களும் ஆர்கன்களும் எடுத்துக்கொண்ட பிறகு கிட்டார் அதிலிருந்து கழன்று போயிற்று. இசையமைத்தவர் மிக்கேல் ஹைடனாக இருக்கலாம் என்றுகூட பெர்லின் அரசவையினர் நினைத்தார்கள். அவர்கள் கேட்டு விசாரித்ததால்தான் குரூபர் அந்த 1854 விவரத்தையே எழுதினார். மோரின் கையெழுத்துப் பிரதி ஒன்று 1995-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் மெட்டு குரூபருடையது என்ற குறிப்பும் கிட்டார் துணையும் இருந்தன. முதல் உலகப்போரில் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இதைப் பாடிய கதையை வேறு பலர் சொல்லிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இப்போது நம்முடைய பேச்சுக்கு வருவோம். இந்த ஆண்டு எங்கள் பங்குப் பேரவையில் ஒரு கேள்வி எழுந்தது. பாடகர் குழுவில் ஓர் இளைஞர் இருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பயிற்சி செய்கிறவர். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் நற்கருணை வழங்கி முடிந்ததும், பாட்டு எதுவும் இல்லாமல், தனியாக மூன்று நிமிடம் கிட்டார் வாசிக்க அனுமதி கேட்டார். மைக்கும் ஒரே ஒரு நாற்காலியும் போதும் என்றார். பெரியவர்களில் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டு காரணம் சொன்னார்கள்: அது சினிமாக் கருவி, அது வெளிநாட்டுக் கருவி.

பெரியவர்களின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்வதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஆதாரம் இருக்கிறது. 1903 நவம்பர் 22, இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் திருவழிபாட்டு இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். அதில் ஆலயத்துக்குள் பியானோவுக்கே தடை. முரசு, தாளம் போன்ற பேரோசைக் கருவிகளுக்கும் தடை. அந்நாட்களில் இத்தாலிய ஆலயங்களில் ஓபரா மேடைப் பாட்டுகளை அப்படியே பாடிவந்தார்கள். அந்தச் சீர்கேட்டைத் தடுக்கவே அவர் அவ்வளவு கடுமையாக எழுதினார்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. அதன் 120-ஆம் எண் குழாய் ஆர்கனுக்கு முதன்மை இடம் தருகிறது. அதோடு நிற்கவில்லை. புனிதப் பயன்பாட்டுக்குத் தகுந்தவையாக உள்ள, அல்லது தகுந்தவையாக ஆக்கப்படக்கூடிய மற்றக் கருவிகளையும் தலத்திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. 'ஆக்கப்படக்கூடிய' என்ற சொல்லை நான் குருமடத்தில் படித்தபோதே அடிக்கோடிட்டு வைத்தேன். ஒரு கருவி எங்கே பிறந்தது என்று சங்கம் கேட்கவில்லை. இறைமக்களின் செபத்துக்கு அது பயன்படுமா என்று கேட்கிறது.

வெளிநாட்டுக் கருவி என்பதற்கு வருகிறேன். கோயிலில் எது நம் மரபு என்று கேட்டால் நம் பெரியவர்கள் ஆர்மோனியம் என்பார்கள். அதற்கு 1840-களில் பாரிசில் காப்புரிமை பெற்றார்கள். நாம் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக அதை மாற்றியது கொல்கத்தாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று சொல்லி, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியே ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. வானொலியில் பேசுகிறவனுக்கு அதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

வயலினைப் பாருங்கள். நம் சென்னையில் நடந்த கதை இது. கோட்டையிலிருந்த ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டவர்கள் முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தார். மணலியில் அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பத்தின் உதவியோடு, தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். முத்துசாமி தீட்சிதரோ அந்த பேண்டு மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? வயலினை மார்போடும் பாதத்தோடும் பொருத்தி, தரையில் அமர்ந்து, கமகம் வரும்படி வாசிக்கக் கற்றார்கள். நம்மவர்கள் அதைத் 'தகுந்ததாக ஆக்கினார்கள்'.

சினிமாக் கருவி என்பதற்கும் வரலாறு உண்டு. இளையராஜா சென்னைக்கு வந்தபின் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்றவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்விலும் தேறியவர். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' வந்தது. அதன் தொடக்கத்தில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டபிறகு, தமிழ்நாட்டில் கிட்டார் பிடித்த ஒவ்வொரு பையனும் அதைத்தான் முதலில் முயன்றான். எங்கள் பாடகர் குழுப் பையன்கள் இன்றும் சுருதி சேர்த்ததும் அதை வாசித்துப் பார்க்கிறார்கள். பீடத்துக்கு எதிரே வேண்டாமப்பா என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த விரல்பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். கட்டைவிரல் அடித்தந்திகளில் ஆதாரச் சுரத்தை நிறுத்த, மற்ற மூன்று விரல்கள் மேலே மெட்டைப் பின்னுகின்றன. ஒருவரே ஒரு சிறு வாத்தியக்குழு ஆகிறார். ஆர்கன் வாசிப்பவர் இரு கையாலும் காலாலும் செய்வதை, கிட்டார் வாசிப்பவர் ஒரு கையின் நான்கு விரல்களால் செய்கிறார். ஓசைதான் சிறியது.

அந்தச் சிறிய ஓசைதான் எனக்கு முக்கியம். நம் ஆலயங்களில் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் என்ன நடந்திருக்கிறது? கீபோர்டு வந்தது. அதற்குள்ளேயே தாளமும் வந்தது. பிறகு ரிதம் பேட், பிறகு ஆளுயர ஸ்பீக்கர். கிறிஸ்துமஸ் இரவில் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம்கூட நம் 'உன்னதங்களிலே' பாட்டுக்குள் காணாமல் போகிறது. குரு மன்றாட்டைச் சொல்லும்போதும், அப்பத்தைக் கையில் எடுக்கும்போதும், பின்னால் கீபோர்டு மெல்ல இழைந்துகொண்டே இருக்கிறது. பக்தியாக இருக்கிறதே என்பார்கள். 1967 மார்ச் 5-இல் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய வத்திக்கான் அறிவுரை, குரு தமக்குரிய மன்றாட்டை உரக்கச் சொல்லும்போது கருவிகள் மௌனமாக இருக்க வேண்டும் என்கிறது. கிட்டார் வேண்டாம் என்று சட்டம் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கேயும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அதே அறிவுரைதான் நம் இளைஞரின் கேள்விக்கும் பதில் சொல்கிறது. கருவி இரண்டு விதமாக வாசிக்கப்படலாம்: பாட்டுக்குத் துணையாக, அல்லது தனியாக. தனி வாசிப்புக்கு நான்கு இடங்கள் உண்டு. குரு பீடத்தை அடையுமுன், காணிக்கையின்போது, நற்கருணையின்போது, திருப்பலியின் முடிவில். திருவருகைக்காலத்திலும் தவக்காலத்திலும் புனித முந்நாள்களிலும், இறந்தோர் திருப்பலியிலும் தனி வாசிப்பு கூடாது. பின்னர் வந்த திருப்பலி நூலின் பொது அறிவுரையும், திருவருகைக்காலத்தில் கருவிகளை அளவோடு பயன்படுத்துங்கள், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடாதீர்கள் என்கிறது.

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே கேரல் பவனி, போட்டி, விருந்து. 25-ஆம் தேதி மதியம் பிரியாணியோடு பாடகர் குழு கலைந்துவிடும். 26-ஆம் தேதி குடிலின் முன் ஆளே இருக்காது. ஆனால் திருச்சபையின் கணக்கில் கிறிஸ்து பிறப்புக் காலம் 24-ஆம் தேதி மாலையில்தான் தொடங்குகிறது. மாசில்லாக் குழந்தைகள், திருக்குடும்பம், இறைவனின் தாய், திருக்காட்சி என்று போய், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீள்கிறது. தனிக் கிட்டாருக்கு வாசல் திறந்திருப்பது இந்த நாட்களில்தான். கூட்டம் குறைந்த வார நாள் திருப்பலிக்கு ஒரே ஒரு கிட்டார் மிகப் பொருத்தம். அதற்கு ஜெனரேட்டர்கூட வேண்டாம்.

என்ன வாசிப்பது என்று அந்த இளைஞர் கேட்டார். நான் இசை ஆசிரியன் அல்லன். எனக்குத் தெரிந்த மூன்று பேரைச் சொன்னேன். கத்தலோனியாவின் மிகேல் லியோபேத் தம் ஊர் மக்கள் பாடிவந்த பழைய கிறிஸ்துமஸ் மெட்டுகளைத் தனிக் கிட்டாருக்கு எழுதி வைத்தார். அதில் 'எல் நோய் டி லா மாரே' என்பது, அன்னையின் குழந்தைக்கு என்ன தின்னக் கொடுக்கலாம் என்று கேட்கும் தாலாட்டு. ஆந்த்ரெஸ் செகோவியா அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். பராகுவே நாட்டு அகுஸ்தீன் பாரியோஸ், சான் சால்வதோரில் இதயநோயோடு வாழ்ந்த கடைசிக் காலத்தில், 1943-இல், கிட்டாருக்கென்றே ஒரு கிறிஸ்துமஸ் இசை எழுதினார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அமெரிக்காவில் 1968-இல் ஜான் ஃபாஹி என்பவர், பாடகர் யாருமில்லாமல், ஒரே ஒரு எஃகுத் தந்திக் கிட்டாரால் கிறிஸ்துமஸ் பாட்டுகள் வாசித்து ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். 'தி நியூ பாசிபிலிட்டி' என்று பெயர். அவருடைய இசைத்தட்டுகளில் மிக அதிகமாக விற்றது அதுதான். வழவழப்பாக இருக்காது, விரல் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கும். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

பேரவையில் கடைசியாக முடிவானது இது. திருவருகைக்காலம் முழுவதும் அவர் பாட்டுக்குத் துணையாக மட்டும் வாசிப்பார். கிறிஸ்துமஸ் இரவில், நற்கருணைக்குப் பிறகு, மோரும் குரூபரும் பாடிய மெட்டை அவர் தனியாக வாசிப்பார். கீபோர்டு அணைக்கப்பட்டிருக்கும். கருவிக்குள் கம்பி செருகாமல், முன்னால் ஒரு மைக் மட்டும். டிசம்பர் ஈரக்காற்றில் தந்தி இறங்கிவிடும் என்பதால் மறையுரைக்கு முன்பே அவர் வெளியே போய்ச் சுருதி சரிபார்த்துக்கொள்வார். எதிர்த்த பெரியவர்களில் ஒருவர் ஒரு நிபந்தனை வைத்தார்: திருக்காட்சி ஞாயிறு அன்று வெள்ளைக்காரன் மெட்டு வேண்டாம், நம் வீட்டுப் பெண்கள் தொட்டிலுக்குப் பாடுகிற தாலாட்டு மெட்டை அதே கிட்டாரில் வாசிக்கட்டும். மெட்டு யாருக்குத் தெரியும் என்றேன். தம் மனைவிக்குத் தெரியும் என்றார். அந்த அம்மாவிடம் கேட்டுப் பழக, அடுத்த வாரத்திலிருந்து இளைஞர் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்.